வெளியூர் போயிருந்தவன் வீடு விற்ற விவரம்

1

நேற்று மதியம் மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தபடியே, முகவரி அதேதானா என்று கேட்டாள். அதேதான் என்றேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது, திருவண்ணாமலை வீட்டைப் பதிவு செய்து கொடுத்து நேற்றோடு சரியாக ஓராண்டு ஆகியிருந்தது.

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்துக்கு வந்து இருபத்தேழு ஆண்டுகளாகின்றன. இங்கே இப்போது இலை உதிர்காலம். சனிக்கிழமை காலையில் இலைகளைக் கூட்டிக் காகிதப் பையில் அடைத்துத் தெரு ஓரம் வைத்தால் செவ்வாய்க்கிழமை நகராட்சி வண்டி எடுத்துப் போகும். ஊரில் அதே நாட்களில் ஐப்பசி மழை. நாட்குறிப்பில் இரண்டையும் எழுதும் வழக்கம் எனக்கு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் கடைசிப் பக்கத்தில், ஊருக்குப் போய் இறங்கிய தேதி, கிளம்பிய தேதி, இடையில் எத்தனை நாள் என்று குறித்து வைப்பேன். பழைய பயணக் குறிப்புகளை விழுந்து விழுந்து படித்த காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. ஒரு நாள் இது எனக்கே எதிராகச் சாட்சி சொல்லும் என்று நினைத்ததில்லை.

என்னைப் போல் வெளியே இருந்துகொண்டு ஊரில் ஒரு வீட்டை வைத்திருக்கும் நண்பர்கள் பலர், விற்றால் என்னென்ன செலவு வரும் என்று கேட்டு எழுதுகிறார்கள். ஊரில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். செலவுப் பட்டியலை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

2

வீடு பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார், குடியிருப்பு மாடியில். தெருவிலிருந்து ஏறப் பத்தொன்பது படிகள், செங்குத்தாக, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி.

அப்பா அந்த வீட்டை என் பெயருக்கு மட்டும் செட்டில்மென்ட் எழுதி வைத்தார். 'என் மகன் திரும்பி வந்து குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று அதில் ஒரு வரி உண்டு. அப்பாவோடு அங்கே குடியிருந்தவள் மங்கை அக்கா. கணவர் இறந்தபின் திரும்பி வந்தவள். அப்பாவின் கடைசி ஏழெட்டு வருடம் மருந்து, மலம், மூத்திரம் எல்லாம் அவள்தான். பத்திரத்தில் அவள் பெயர் இல்லை. அப்பா காரியம் முடிந்த பதினாறாம் நாள், பாதி உனக்கு என்று நான் சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வாசலில் யார் வந்து என்னைக் கேட்டாலும் அக்காவிடம் ஒரே பதில்தான். "தம்பி வெளியூர் போயிருக்கான்." தபால்காரர், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர், கேஸ் ஏஜென்சி ஆள், எல்லோருக்கும் அதுதான். எந்த ஊர் என்று விடாமல் கேட்டால், "வேலை விஷயமா போயிருக்கான், வந்துடுவான்" என்பாள். பழைய ரேஷன் கார்டில் என் பெயரை நீக்க அவள் விட்டதேயில்லை. ஆதார் எடுத்ததுகூட அவளால்தான். இங்கே எனக்கு வேலை போயிருந்த ஆண்டு, அப்பாவும் படுத்துவிட்ட ஆண்டு, நான் நூற்றுத் தொண்ணூறு நாட்கள் ஊரில் இருந்தேன். அவளே போய் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி வந்தாள். சந்தின் பெயரும் கதவிலக்கமும் போட்ட ஆதார் அட்டை எனக்கு வந்தது. நான் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எப்ப வருவே?" நான் சொல்லும் மாதத்தைச் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் எழுதிக்கொள்வாள்.

போன வருடம் அவளுடைய முழங்கால் இரண்டும் போய்விட்டன. பத்தொன்பது படி ஏற இருபது நிமிடம். வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னதும் அவள்தான். வேங்கிக்காலில் தரைத்தளத்தில் ஒரு சிறிய வீட்டைப் பார்த்து, தன் சேமிப்பில் இருந்து முன்பணமும் கொடுத்தாள். அந்த வீட்டுக்காரர் கொடுத்திருந்த கெடு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டுப் பதிவுக்கு அதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் போட்டோம். வெள்ளி பணம் வரும், சனி அவள் கொடுப்பாள். தேதிகளைப் பொருத்துவதில் எனக்குள்ள கர்வத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

3

இப்போது செலவுகள்.

கொலம்பஸில் நாங்கள் முதலில் இருந்த வீட்டை விற்றபோது, கையெழுத்துப் போடும் நாளுக்கு முன்பே ஒரு தாள் கையில் வந்துவிட்டது. முகவர் கூலி, பத்திர ஆய்வுக் கட்டணம், அந்த ஆண்டின் வரியில் என் பங்கு, கடைசியில் என் கைக்கு வரும் தொகை, எல்லாம் ஒரே தாளில். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. காபி கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட பேனாவை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்தப் பழக்கத்தில் ஜூன் மாதம் முன்பண ஒப்பந்தத்துக்காக ஊருக்கு வந்திருந்தபோது தரகர் ஏழுமலையிடம், மொத்தமாக க்ளோசிங் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

"க்ளோசிங்கா? நாம இன்னும் ஓபனே பண்ணல சார்" என்றார் அவர்.

ஊரில் செலவுகள் ஒரு தாளில் வருவதில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது வந்து வாசலில் நிற்கும். தரகு இரு பக்கமும் தனித்தனி. வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்கு. பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்ததால் அதை மாற்ற ஒரு அலைச்சல். மின் இணைப்புக்கும் அதே. நகராட்சியில் சொத்துவரி, குடிநீர் வரி, இரண்டுக்கும் பாக்கி இல்லை என்று ரசீது. பத்திர எழுத்தருக்குக் கூலி. எங்கள் ஊர் வழக்கப்படி முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் வாங்குபவர் தலையில், மற்றவை பெரும்பாலும் விற்பவர் தலையில். ஆனால் அதையும் முன்பணம் வாங்குவதற்கு முன் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேசாமல் விட்ட ஒவ்வொன்றும் கடைசி வாரத்தில் சண்டையாக வரும். நான் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் பதினேழு வரிகளாக எழுதினேன். ஏழுமலை அதை வாங்கிப் படித்துவிட்டு, "டீ செலவ வுட்டுட்டீங்க" என்றார். பதினெட்டாவதாக அதையும் எழுதினேன்.

அந்தப் பதினெட்டு வரியிலும் இல்லாத ஒன்று, பதிவுக்கு நான்கு நாள் முன்னால், திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு வங்கியில் தெரிந்தது.

4

பதிவுக்காக மறுபடி ஊருக்கு வந்தவன், வரப்போகும் பணத்தை என் கணக்கில் போடுவது பற்றிக் கேட்கப் போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண்.

"இது வெளிநாட்ல இருக்கறவங்க கணக்கு சார். வீடு வித்த பணம்னா வாங்கறவங்க வரி புடிச்சிட்டுத்தானே குடுப்பாங்க. எவ்ளோ புடிக்கறாங்க?"

"நூற்றுக்கு ஒன்று என்று சொன்னார்கள்."

அவர் தலையை நிமிர்த்தினார். "அது இங்கயே குடியிருக்கறவங்க வித்தா சார்."

எளிமையாகச் சொல்கிறேன். விற்பவர் இந்தியாவில் வசிப்பவர் என்றால், விலை ஐம்பது லட்சத்தை எட்டினால், வாங்குபவர் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்து அரசுக்குக் கட்டினால் போதும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அது நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு வரை போகும். அதைக் கட்ட வாங்குபவர் வருமான வரித்துறையில் தனியாக ஓர் எண் வாங்க வேண்டும். அதிகமாகப் பிடித்தது பின்னால் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும், ஒரு வருடம் ஆகலாம். முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த வரிக்குச் சான்று வாங்கவும் வழியுண்டு. அதற்கும் வாரக்கணக்கில் ஆகும். பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றையும் வாங்கியவரிடம்தான் முதலில் கேட்பார்கள் என்றார். விற்றவர் விமானம் ஏறிப் போயிருப்பார் அல்லவா?

அங்கிருந்து நேராகப் பத்திர எழுத்தர் சம்பந்தத்தின் கடைக்குப் போனேன். ஏழுமலையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வரைவுப் பத்திரம் தயாராக இருந்தது. சம்பந்தம் விரல் வைத்துக் காட்டினார். என் பெயருக்குப் பின்னால், 'திருவண்ணாமலை டவுன், பே கோபுரத் தெரு பின்புறம், மேற்படி விலாசத்தில் வசித்து வருபவருமான' என்று இருந்தது.

"நான் அமெரிக்காவில் இருப்பது உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன்.

"ஊருக்கே தெரியும் சார். ஆனா ஜூன் மாசம் வசிக்கிற விலாசம் சொல்லுங்கன்னு நான் கேட்டப்ப, நீங்கதான இதச் சொன்னீங்க. ஆதார்லயும் இதுதான் இருந்தது."

உண்மைதான். அவர் கேட்ட மறுகணம் கதவிலக்கம், சந்து, பின்கோடு வரை ஒரே மூச்சில் ஒப்பித்திருந்தேன். இருபத்தாறு வருடமாக எந்தப் படிவத்திலும் நிரந்தர முகவரி என்று இருந்தால் நான் எழுதி வந்தது அதைத்தான். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. விற்கப் போகும் வீட்டையே என் இருப்பிடமாக எழுதிக் கொடுத்தேன்; அது எனக்கு விசித்திரமாகவும் படவில்லை.

ஏழுமலை என்னைச் சமாதானப்படுத்தினார். "நீங்க பொறந்தது எங்க சார்?"

"இங்கேதான்."

"படிச்சது?"

"இங்கேதான்."

"அப்புறம் இன்னா சார். ஒரு வார்த்த. எவன் வந்து பாக்கப் போறான்? வெளிநாட்டுக்காரர் வீடுன்னு சொன்னாலே வாங்கறவங்க மெரண்டுடுவாங்க. பணத்த அக்கா கணக்குல போடச் சொல்லிடலாம், பேங்க் பொண்ணும் கேக்காது."

"வந்து பார்த்தால்?"

"பாத்தா டீச்சருக்குத்தான் நோட்டீஸ் வரும். உங்களுக்கு இன்னா வந்தது?"

என்னை ஆறுதல்படுத்தத்தான் அவர் அதைச் சொன்னார்.

5

டீச்சர் என்பது தேன்மொழி, வாங்குபவர். அடி அண்ணாமலையில் மாமனார் வீட்டில் இருக்கிறார். டவுனில் அரசுப் பள்ளி ஆசிரியை. கீழே கடை இருந்த இடத்தில் கணவருக்கு ஜெராக்ஸ் கடை, மேலே குடித்தனம் என்று திட்டம். வங்கிக் கடன் போட்டு வாங்கும் முதல் வீடு.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, கெடு சனிக்கிழமை என்பதை எனக்கு நினைவூட்டினாள், நான்தான் அந்தத் தேதியைக் குறித்தவன் என்பது போல.

"இப்பச் சொன்னா அந்தம்மா பயந்துக்கும். புது நம்பர் வாங்கணும், பேங்க்ல மாத்தி எழுதணும், எத்தினி நாள் ஆவும்?"

"மூன்று வாரம் என்கிறார்கள். அவர் வாங்குவதாக இருந்தால்."

"சனிக்கிழம தாண்டுனா வேங்கிக்கால் ஆளு வேற ஆளுக்குக் குடுத்துடுவான். முன்பணமும் வராது." கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "நீ கொண்டு வந்து குடுப்பியா?"

என்னால் முடியாது. இங்கே வீட்டுத் தவணையும் மகளின் படிப்புக் கடனும் போக என் கையில் அப்போது இருந்தது விமானச் சீட்டுக்குச் சரியாக இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

"பத்தொம்போது படி ரவி. நீ ஏறி எறங்கறது இல்ல."

"டீச்சருக்கு நோட்டீஸ் வந்தால் என்ன செய்வார்கள் அக்கா?"

"அப்ப நீ இந்த ஊர்க்காரன் இல்லியா?" என்றாள். குரல் ஏறவில்லை. "இருவத்தாறு வருஷமா வந்து கேட்டவங்களுக்கெல்லாம் வெளியூர் போயிருக்கான்னுதான் சொல்லிட்டு இருக்கறேன். நான் சொன்னதெல்லாம் பொய்யா?"

அவள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்த நாட்குறிப்புக் கடைசிப் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன். இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு நாட்கள். மூன்று வருடமும் இருபத்து மூன்று நாளும். இரண்டு தடவை கூட்டினேன். வேறு விடை வரும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

கூட்டி முடித்த நேரத்தில் யாழினி அழைத்தாள். அங்கே திங்கள் இரவு எட்டு. மகளுக்கு இருபத்தைந்து வயது, சிகாகோவில் வேலை.

"அப்பா, வீட்ட எப்ப மூடுறீங்க?"

இங்கே விற்று முடிப்பதை 'க்ளோசிங்' என்பதால் அவள் தமிழில் அது மூடுவதாகிவிடும். வழக்கமாகத் திருத்துவேன். அன்று விட்டுவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க அங்க இல்லையேப்பா," என்றாள்.

"தெரியும்மா. ஆனால்..."

"இப்ப எங்க இருக்கீங்கன்னுதானே கேக்கறாங்க? எங்கேர்ந்து வந்தீங்கன்னு கேக்கல இல்ல?"

கல்லூரி முடித்த மூன்று வருடத்தில் அவள் நான்கு வீடு மாறிவிட்டாள். ஒவ்வொரு முறையும் பேருந்தில் போகும்போதே கைபேசியில் முகவரியை மாற்றி முடித்துவிடுவாள். ஒரு தடவைகூட எங்கள் வீட்டு முகவரியை நிரந்தரம் என்று எங்கும் எழுதியதில்லை. அவளுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை என்பது எனக்கு அன்று காலை பயமாக இருந்தது. ஆனாலும் அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

6

அன்று மாலை ஐந்து மணிக்குத் தேன்மொழி டீச்சர் பள்ளியிலிருந்து நேராக வந்தார். ஜன்னல்களுக்குக் கொசுவலை அளவெடுக்க வருவதாக முன்பே சொல்லியிருந்தார். சுருள் நாடாவை நீட்டி அளந்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். மூன்றாவது ஜன்னலில் இருக்கும்போது சொன்னேன்.

அவர் நாடாவை மெதுவாகச் சுருட்டினார். "அப்ப நீங்க இங்க குடியிருக்கறவர் இல்லையா?"

"இல்லைங்க."

அந்த வீட்டுக்குள் நின்று அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

டீச்சர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். யார் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் யாரைப் பிடிப்பார்கள் என்று. பதில் சொன்னேன். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று படி இறங்கிப் போனார். நாடா ஜன்னல் கட்டையிலேயே இருந்தது.

புதன்கிழமை ஏழு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. மாலை ஏழுமலை அழைத்தார். "டீச்சர் எனக்கும் எடுக்கல. நல்லா இருந்தத இப்படிக் கெடுத்துட்டீங்களே சார்," என்றார். "வேற ஆளு தேடணும்னா தை மாசம் ஆயிடும்." அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

7

வியாழக்கிழமை பௌர்ணமி. கிரிவலத்துக்காகச் சாலையில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஆட்டோ எதுவும் வராது. நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காலை ஒன்பதேகாலுக்குக் காஞ்சி சாலை வழியாக அடி அண்ணாமலைக்கு நடந்தேன். அது கிட்ட வழி. ஆனால் மலையை எல்லோரும் வலமாகச் சுற்றி வரும்போது நான் எதிரே போய்க்கொண்டிருந்தேன். தூறல். விடியற்காலை கிளம்பியவர்கள் சாரிசாரியாக எதிரில் வந்தார்கள். தோளில் இடித்தார்கள், ஒதுங்கினேன், திரும்ப இடித்தார்கள்.

"சாமி, எதிர்ல வர்றீங்க. இந்தப் பக்கம் சுத்தணும்," என்றார் ஒருவர், ஆந்திரப் பக்கத்துத் தமிழில்.

ஒரு அம்மா தன் கூட்டத்திடம், "வெளியூரு போலக்குது, பாவம், தெரியல" என்று சொல்லிக்கொண்டு போனார்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டீச்சர் வீட்டு வாசலில் அவர் கணவர் கிரிவலக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு குவளையை நீட்டிவிட்டு உள்ளே கை காட்டினார். பதிவுக்காக டீச்சர் வியாழன் வெள்ளி இரண்டு நாளும் விடுப்பு எடுத்திருந்தார். கூடத்தில் அவர் முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது, நிறைய எழுதி.

நாடாவைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, உட்காரச் சொன்னார்.

"நேத்து ஆடிட்டர்கிட்ட போயிருந்தேன். நீங்க சொன்னது சரிதான். சொல்லாம வுட்டிருந்தா எனக்கு எவ்ளோ வந்திருக்கும்னு அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்." நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அதில் இருந்த எண், அவருடைய ஒரு வருடச் சம்பளத்துக்குக் கம்மியாக இருக்காது.

"அதனால்தான் முன்னாலேயே..."

"முன்னாலயா? ஜூன் மாசம் அட்வான்ஸ் குடுத்தன்னிக்கு நான் உங்க பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். நீங்க அட்ரஸ் சொன்னீங்க. பின்கோடு வரைக்கும் சொன்னீங்க. நான் அத நம்பி பேங்க்ல எழுதிக் குடுத்தேன்."

"இந்தச் சட்டம் எனக்குத் தெரியாதுங்க."

"சட்டம் தெரியாது, சரி. நீங்க எங்க குடியிருக்கீங்கன்னுகூடவா சார் தெரியாது?"

வாசலில் யாரோ இன்னொரு குவளை தண்ணீர் கேட்டார்கள். நான் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் சொல்வது போலச் சொன்னார். வீடு அவருக்குப் பிடித்திருக்கிறது, விடப் போவதில்லை. எண் வாங்கவும் வங்கியில் மாற்றி எழுதவும் மூன்று வாரம் வேண்டும். ஆடிட்டர் கூலி என்னுடையது. நான் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, நேரில் இருக்க வேண்டும்.

"இன்னொண்ணு. பத்திரத்துல உங்க அமெரிக்கா அட்ரஸ் இருக்கணும். எழுத்து ஒண்ணுகூட மாறக் கூடாது. நாளைக்கு எவனாவது கேட்டா நான் அதத்தான் காட்டணும்."

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். திரும்பும்போது கூட்டத்தோடு சேர்ந்து நடந்தேன். யாரும் என்னை இடிக்கவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்று காஞ்சி சாலை முழுக்க வாக்கியங்களைச் செய்து பார்த்தேன். படியேறிப் போனபோது அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூணு வாரமா?" என்று மட்டும் கேட்டாள்.

8

வெள்ளிக்கிழமை டோக்கன் வீணாயிற்று. சனிக்கிழமை மாலை வேங்கிக்கால்காரருக்கு நானே அழைத்துக் கெஞ்சினேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். இன்னொருவர் கையில் பணத்தோடு நிற்கிறார் என்றார். திங்கட்கிழமை அந்த வீடு போய்விட்டது. முன்பணத்தை அவர் திருப்பித் தரவில்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

விமானச் சீட்டை மாற்றினேன், அதற்கு ஒரு கட்டணம். என் தாளில் செலவு வரிகள் இருபத்திரண்டு ஆயின. அக்காவின் முன்பணத்தை அதில் எழுதி, என் பங்கிலிருந்து கழித்து அவளுக்குக் கொடுத்தேன். அவளுடைய முழுப் பாதியையும் கொடுத்தேன், வரிப்பிடித்தம் மொத்தமும் என் பாதியில் போகட்டும் என்று. ஆனால் அந்த விலைக்குத் தரைத்தளத்தில் வேறு வீடு கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. வேங்கிக்காலிலேயே ஒரு பின்கட்டு வாடகைக்குப் பார்த்துப் போனாள். வாசலில் ஒரே ஒரு படி. பிடித்த வரியில் பெரும்பகுதி இந்தப் புரட்டாசியில்தான் எனக்குத் திரும்ப வந்தது.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே சம்பந்தம் பத்திரத்தை உரக்கப் படித்தார். அது அங்கே வழக்கம். இரு தரப்பும் கேட்டுத் தலையசைக்க வேண்டும். 'அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஒஹாயோ மாநிலம், கொலம்பஸ் நகரத்தில்' என்று வந்த இடத்தில் திக்கினார். டீச்சர் தன் நோட்டில் நான் எழுதிக் கொடுத்திருந்ததோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு, தெருப் பெயரில் ஒரு கொம்பைத் திருத்தச் சொன்னார். சம்பந்தம் திரும்பப் போய் அச்செடுத்து வந்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். 'வசித்து வருபவருமான' என்று முடியும்வரை கேட்டுவிட்டு நான் தலையசைத்தேன். என் வாழ்க்கையில் எழுதிய முகவரிகளில் அப்படிச் சரிபார்க்கப்பட்டது அது ஒன்றுதான்.

சாட்சிகள் இருவர். ஒருவர் டீச்சரின் கணவர். என் பக்கத்துச் சாட்சியாக ஏழுமலை வருவதாக இருந்தது. அக்கா, தானே போடுவதாகச் சொல்லிவிட்டாள். அலுவலகம் முதல் மாடியில். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

நான் கேமராவைப் பார்த்து, விரல் வைத்து முடித்ததும் சார்பதிவாளர் அவளைக் கூப்பிட்டார். என்னைக் காட்டி, "இவரத் தெரியுமாம்மா?" என்றார்.

"என் தம்பிங்க."

அவர் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்க குடியிருக்கறார்?" என்றார். முகவரியைச் சரிபார்க்கக் கேட்ட கேள்விதான்.

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளுடைய பதில் தெரியும் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் நின்றிருந்த டீச்சரும் அவளைப் பார்த்தார்.

"அமெரிக்காவுலங்க," என்றாள். "அங்கதான் குடியிருக்கான். இருவத்தாறு வருஷமா."

அவர் பேனாவை நீட்டினார். அக்கா முழுப்பெயரையும் நிறுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கீழே இறங்கி வர நேரமாயிற்று. சாலையோரம் ஆட்டோவுக்காக நின்றோம். மழை விட்டிருந்தது, மலை பாதிவரை மேகத்தில் இருந்தது. அவள் செருப்பைச் சரிசெய்துகொண்டு, "ஃப்ளைட்டு என்னிக்கு?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை, அதிகாலை நாலு ஐம்பது என்றேன்.

"சரி," என்றாள். ஆட்டோ வந்ததும் ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவரிடம் வேங்கிக்கால் என்றாள். எப்ப வருவே என்று அவள் கேட்கவில்லை.